மூட்டை நிறைய இருந்துச்சு, உள்ளே பதர்தான், ஜமால் பாய்

ஜமால் பாய் போயிட்டார். இன்னைக்குக் காலையில... நிமோனியா.

மன்னார்குடி நெல் வியாபாரத்துல பழைய ஆளுங்களுக்கு அவரைத் தெரியும். எனக்கு முதல்ல கூட்டாளி, அப்புறம் போட்டியாளர்.

நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பினதே இல்ல. அதனாலதான் பெரிய சண்டை வரல.

ரெண்டு பேருமே மூட்டை தூக்கி மேல வந்தவங்க. நெல்லுத் தூசு என்னை விட்டுடுச்சு, அவர் நுரையீரலைப் பிடிச்சுக்கிச்சு.

ஊரெல்லாம் குத்தகைத் தகராறு நடந்த காலம். ஒரு மிராசுதார் களத்துல இருந்த மொத்த நெல்லையும் மலிவா தர்றேன்னார். நான் சரின்னு தலையாட்டப் போனேன்.

பாய் குத்தூசியை மூட்டை அடியில விட்டு நெல்லை எடுத்து, உள்ளங்கையில பரப்பிப் பார்த்தார். "நெல்லு சுத்தம். ஆளுதான் சரியில்ல. இவ்வளவு அவசரமா விக்கிறார்னா இதுல குத்தகைக்காரன் பங்கும் இருக்குய்யா. வா போவோம்."

மறுநாள் குத்தகைக்காரங்க களத்துல வந்து உட்கார்ந்துட்டாங்க. எங்களுக்குப் பதிலா அதை வாங்கின வேற வியாபாரியோட லாரி காலியா திரும்புச்சு.

அப்பேர்ப்பட்ட ஆளு... நுரையீரல் கெட்ட பிறகு, விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டரையும் நம்பல. தராசை சோதிக்கிற மாதிரி என் விரல்ல மாட்டினார், 98. தன் விரல்ல மாட்டினார், 86.

"மெஷின்ல ஏதோ தில்லுமுல்லு."

"மெஷின் சரியா இருக்கு பாய். உங்க விரல்தான் கள்ளத்தராசு."

சிரிச்சார், இருமினார். ஆனா வீட்டுல இருந்த ஆக்சிஜன் ட்யூபை மாட்டல. "மூச்சு வாங்குனா மாட்டிக்கிறேன்"னு வருஷக்கணக்கா சொன்னார். அவங்க வீட்டம்மா கெஞ்சிப் பார்த்தாங்க.

போன வாரம் சாதாரண சளிதான். அது நெஞ்சுக்குள்ள இறங்கிடுச்சு.

ஆஸ்பத்திரியில ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ரத்தத்துல வெள்ளை அணு ஏகப்பட்டது இருந்துச்சு. எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. டாக்டரம்மாகிட்ட நேராவே கேட்டேன், "கிருமியோட சண்டை போடுற ஆளு இத்தனை இருக்கே மேடம், அப்புறம் எப்படி மோசமாச்சு? என்ன மறைக்கிறீங்க?"

அவங்க கோபப்படல. "எண்ணிக்கை இருக்கு சார். ஆனா ரொம்ப வருஷமா ரத்தத்துல ஆக்சிஜன் கம்மி. எலும்பு மஜ்ஜையில உருவாகும்போதே அந்த அணுக்களோட குணம் மாறிடலாம். கிருமியைக் கொல்ற வேலையில தடுமாறும்."

"பதர்னு சொல்லுங்க."

வெளியூர்க்காரங்க போல. "பதர்னா?"

"தோல் இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. மூட்டை என்னவோ நிறைஞ்சுதான் தெரியும்."

கொஞ்சம் யோசிச்சாங்க. "பாதி சரி சார். பதர் சும்மா கிடக்கும். இதுல சில அணுக்கள் சாக வேண்டிய நேரத்துல சாகாம அங்கேயே தங்கி, நுரையீரலையே புண்ணாக்கும்."

இதை அவங்க பாய்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். பதர்னு சொல்லியிருந்தா அந்த மனுஷன் ட்யூபை மாட்டியிருப்பார்... மாட்டியிருப்பாரா? அதுவும் சந்தேகம்தான்.

இன்னும் எனக்கு அந்த ஆஸ்பத்திரி மேல முழு நம்பிக்கை இல்ல. இருந்திருந்தா பாயே என்னைத் திட்டியிருப்பார்.

சாயங்காலம் அடக்கம். எல்லாரும் மூணு பிடி மண்ணு போட்டாங்க. நானும் குனிஞ்சு அள்ளினேன். பழக்கதோஷம்... கை தானா விரிஞ்சு உள்ளங்கையில பரப்பிடுச்சு.

பார்த்துட்டேன் பாய். கல்லு இல்ல, கலப்படம் இல்ல. நல்ல மண்ணு.

நம்பிப் படுங்க.