சீராட்டி வளர்த்த நாற்பத்தேழு

கரும்பு தின்னக் கூலியா என்று எல்லோரும் கேட்பார்கள். எனக்கு உண்மையாகவே கூலி கொடுத்தார்கள். கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் ரகங்களைத் தேர்வு செய்கிற உத்தியோகம். கருவி வைத்து இனிப்பை அளந்தாலும் ஒரு துண்டு கடித்துப் பார்க்காமல் எனக்கு மனம் ஆறாது. இத்தனை வருடச் சேவையில் கடைவாய்ப் பற்கள் போனதுதான் மிச்சம் என்பாள் என் மனைவி.

அந்த வாயை அடைக்க வந்ததுதான் நாற்பத்தேழு. எங்கள் ரகங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். தேர்வுக்குழு சரி என்று சொன்னால்தான் ஆலை அதன் விதைக்கரணையை, அதாவது நடுவதற்கான தண்டுத் துண்டுகளை, விவசாயிகளுக்குக் கொடுக்கும். இந்த வருடக் கடைசியில் எனக்கு ஓய்வு. நான் தேர்ந்தெடுத்த ஒரு ரகமாவது வயலுக்குப் போகவில்லை என்றால், மென்று துப்பிவிட்டுப் போனவன் என்றுதான் என்னை நினைப்பார்கள். அந்தப் பயம் எனக்கு நிறையவே இருந்தது.

காலையில் அலுவலகத்துக்குள் நுழையும் முன் அதைப் பார்த்துவிட்டுத்தான் நுழைவேன். விதிப்படி எல்லா ரகத்துக்கும் ஒரே தண்ணீர், ஒரே உரம். பக்கத்தில் நின்று தடவிக் கொடுத்தது மட்டும் இதை. என் மகளுக்கு உடம்பு சரியில்லாதபோதுகூட இவர் இப்படி நின்றதில்லை என்று மனைவி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. என் குஞ்சு நிஜமாகவே பொன் என்று நான் நம்பினேன். நிலையத்தில் மகசூலிலும் இனிப்பிலும் அதுதான் முதல்.

ஆனால் ஒரு ரகத்தை வெவ்வேறு மண்ணில் நட்டுப் பார்க்காமல் குழுவின் முன் வைக்க முடியாது. எங்கள் நிலையம், ஒரு வறண்ட மேட்டு நிலம், ஓர் உப்பு மண், அப்புறம் தண்ணீர் தேங்கும் பள்ளம். பள்ளத்துக்கு நான் தேடி அலையவே வேண்டியதில்லை. என் மனைவியின் தம்பியுடைய வயல் அப்படிப்பட்டது. மழை பெய்தால் வாரக்கணக்கில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஒரு மூலையை விட்டுக்கொடுத்தான்.

திட்டப்படி நட்டால் எல்லா இடத்திலும் ஒரு பாத்தி மிஞ்சியது. அதைச் சும்மா விட்டால் பக்கத்துப் பாத்திக் கரும்புக்கு வெயில் கூடுதலாகக் கிடைத்து, அது பொய்யாகப் பெருத்துவிடும். அதனால் எதையாவது நட்டு நிரப்புவோம். கழித்துக்கட்ட வைத்திருந்த பன்னிரண்டாம் எண் ரகத்தை நட்டேன். ஒல்லித் தண்டு. நோஞ்சான் என்றுதான் அதைக் கூப்பிடுவேன்.

வெட்டும் பருவத்தில் மச்சினன் வயலுக்குப் போனேன். நாற்பத்தேழு சேற்றில் மொத்தமாகச் சாய்ந்து கிடந்தது. அடித்தண்டு அழுகிய நாற்றம். நோஞ்சான் மட்டும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே கணுவில் வேர் விட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றது. தண்டுக்கு மண் அணைத்தது சரியில்லை என்றேன், வடிகாலைக் குறை சொன்னேன். கடைசியில் மழையைப் பிடித்துக்கொண்டேன்.

“இந்த வருஷம் மழை கொஞ்சம் ஜாஸ்தி, மாப்ள.”

“வருஷா வருஷம் இதே மழைதான், மாமா.”

மேட்டிலும் உப்பு மண்ணிலும்கூட நாற்பத்தேழு சுமார்தான். வீட்டில் புலி, வெளியில் எலி. ஆனாலும் நான்கு இடத்துக் கணக்கையும் சேர்த்துச் சராசரி போட்டபோது நாற்பத்தேழுதான் முதலில் வந்தது! நிலையத்தில் குவித்த மகசூல் மற்ற இடத்துப் பள்ளங்களை மூடிவிட்டது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“அப்போ தம்பி வயலுக்கும் ஆலைக்காரங்க இதைத்தான் குடுப்பாங்களா?”

வெளியே போய் நின்றேன். கொடுப்பார்கள். சராசரியில் முதலிடம் என்றால் மேடு பள்ளம் பார்க்காமல் எல்லோருக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். அவன் அதை நட்டு, அது அழுகி, அப்போதும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

குழுவில் சராசரியைச் சொல்லவில்லை. ஒவ்வொரு இடமாகச் சொன்னேன். நீர் தேங்கும் நிலத்துக்குப் பன்னிரண்டைக் கொடுங்கள், நாற்பத்தேழை இப்போது வெளியே விடவேண்டாம் என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“சராசரியில உங்க ரகம்தானே முதல்ல நிக்குது?”

“சராசரி வயல்னு ஒண்ணு யாருகிட்டயும் இல்லீங்க.”

நான் கழித்துக்கட்ட இருந்த நோஞ்சான் தேர்வானது. நாற்பத்தேழை இன்னும் சில பருவம் சோதிக்கலாம் என்றார்கள். அதற்குள் நான் வீட்டில் செய்தித்தாளை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பிறகு வருகிறவர் அதை வைத்துக்கொள்ளலாம், தூக்கியும் எறியலாம். காகிதங்களை அடுக்குவதுபோல் பாவனை செய்தேன். தலைவர் நல்ல மனிதர். வாசல்வரை கூட வந்து என் தோளைத் தட்டினார்.

“வருத்தப்படாதீங்க. நாற்பத்தேழு நல்ல கரும்புதான்.”

“நல்ல மண்ணுல நல்லா வருதுங்க. நல்ல மண்ணுல எதுதாங்க வராது?”

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்த ஒரே நிலையத்தில், நிழலும் தண்ணீரும் பார்த்து உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்.