தினம் ஓர் ஆழாக்கு ஆயில்

காலை எட்டரை மணிக்குச் செங்கல்பட்டு எனக்குப் பின்னால் இருந்தது. திருக்கழுக்குன்றம் சாலையில் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். விட்டு வந்தது ஒரு லாரிப் பட்டறை. அங்கே ஏழு மாதம் இருந்தேன். யாரோடும் சண்டை இல்லை. ஓரிடத்தில் ஏழு மாதம் என்பது எனக்கு அதிகம், அவ்வளவுதான். தோள் பையில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு போர்வை, சொந்தமாக வாங்கிய பிளக் ஸ்பானர் ஒன்று. எழுபத்து நான்காம் வருடம், மாசி மாதம்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் இருபத்தொன்பது கிலோமீட்டர். பஸ்ஸுக்கு ஒன்றேகால் ரூபாய். கையில் இருந்தது இரண்டரை ரூபாய். சாப்பாட்டுக்கு வேண்டுமே என்று நடந்தேன். கடற்கரைப் பக்கம் ஏதாவது வேலை கிடைக்கும் என்பதைத் தவிர வேறு யோசனை இல்லை. சாலையின் இருபுறமும் அறுத்த வயல்கள். ஏரிகளில் பாதித் தண்ணீர். வலது செருப்பின் வார் ஆறாவது கிலோமீட்டரில் அறுந்தது. அதற்குப் பிறகு இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன்.

பதினொன்றரைக்குத் திருக்கழுக்குன்றம். பதினாலு கிலோமீட்டர் முடிந்தது. உச்சி வேளையில் மலைமேல் இரண்டு கழுகுகள் வந்து சோறு உண்ணும் என்பதால் கூட்டம் வேகவேகமாகப் படி ஏறிக்கொண்டிருந்தது. டோலியில் ஒரு சேட்டம்மாளைத் தூக்கிப் போனார்கள். நான் ஏறவில்லை. கீழே முப்பது காசுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டேன். கழுகுக்குக் கிடைக்கும் சர்க்கரைப் பொங்கல் இதைவிட நன்றாக இருக்கும் என்று கடைக்காரரே சொன்னார்.

பன்னிரண்டரை மணி. ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில், ஒரு புளியமரத்தடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றுகொண்டிருந்தது. முந்நூற்றைம்பது சி.சி., பழைய வண்டி. இருபத்தைந்து வயது இருக்கும் ஓர் ஆள் வியர்க்க வியர்க்க உதைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட மீன் கூடையின் மேல் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருந்தாள். மீன் வாடையும் கருகிய ஆயில் வாடையும் சேர்ந்து வந்தது.

"இன்னா அண்ணாத்த, பாத்துகினே நிக்கிற? தள்ளத் தெரியுமா?" என்றாள் அவள்.

"தள்ளிப் பிரயோசனம் இல்லைம்மா. பிளக்கில் ஆயில் ஏறியிருக்கும்."

"கேட்டியாடா? வழில போறவனுக்குத் தெரியுது. உனுக்குத் தெர்ல."

"வழில போறவரு அப்பால துட்டு கேப்பாரு. கம்னு இரு அக்கா," என்றான் அவன்.

ஸ்பானரை எடுத்துப் பிளக்கைக் கழற்றினேன். கண் மை போலக் கறுப்பாக ஆயில் அப்பியிருந்தது. கொஞ்சம் பெட்ரோலில் கழுவி, கத்தியால் சுரண்டி, திரும்ப மாட்டினேன். மூன்றாவது உதையில் வண்டி எழுந்தது. நீலப்புகை மரத்தின் பாதி உயரத்துக்குப் போனது. குனிந்து அடியில் பார்த்தேன். இஞ்சினிலிருந்து காற்றுப் போக விட்டிருக்கும் குழாய் வழியாக ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. பின் டயர் வரை ஈரம்.

"ஆயில் எவ்வளவு ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"தெனம் ஒரு ஆழாக்கு. நாந்தான் ஊத்துறேன். இவன நம்பியிருந்தா இஞ்சின் என்னிக்கோ பூட்டிருக்கும்."

அவள் பெயர் எல்லம்மா. அவன் அவளுடைய தம்பி, கன்னியப்பன். ஊர், மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள தேவனேரி. விடியற்காலை கட்டுமரங்கள் கரை சேர்ந்ததும் மீன் எடுத்து, இந்த வண்டியில் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டு போகிறார்கள். முன்பெல்லாம் பஸ்தான். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று கண்டக்டர்கள் ஏற்றுவதில்லை. பல நாள் மீனோடு சாலையிலேயே நின்றிருக்கிறாள். பஸ்ஸும் இல்லாமல் வண்டியும் இல்லாமல் போனால், கரைக்கு வரும் ஐஸ் லாரிக்காரர் கேட்ட விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். சீட்டு எடுத்து இரண்டாம் கையாக வாங்கிய வண்டி இது. இப்போது ஆயில் குடிக்கிறது. சிலிண்டர் உள்சுவர் தேய்ந்து போர் போய்விட்டது, இஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டான். அதற்கு அவளால் முடியாது.

"நாளைக்குக் காலைல ஐஸ்காரு ரங்கநாதன் வந்து வண்டிய எடுத்துகினு போறாரு. வாய்ப் பேச்சு முடிஞ்சிச்சு," என்றாள். சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குடிக்கிற இஞ்சினில் ஊற்றிய ஆயில் எரிந்து காணாமல் போகும். இதிலோ முக்கால்வாசி டயரில் இருக்கிறது. ஊற்றுகிற ஆழாக்கை அது வெளியே துப்புகிறது. வயிறு நிறைந்தவன் வாயில் மேலும் ஊற்றினால் துப்பத்தான் செய்வான்.

"நெறஞ்சிருந்தா அளவு கோல்ல தெரியாதா? தெனம் காலைல பாக்குறேன். கீழ்க் கோட்டுக்கும் கீழ கீது."

"எங்கே நிறுத்திப் பார்க்கிறீர்கள்?"

"எங்க நிறுத்துவாங்க? கரைலதான்."

"நாளைக்கு ஊற்றாமல் ஓட்டிப் பாருங்கள்."

"ஊத்தாம ஓட்டி இஞ்சின் புடிச்சுக்கிச்சின்னா? அவரும் வாங்க மாட்டாரு. நீ குடுப்பியா?"

என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் ஓட்டாமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது, சமதரை வேண்டும் என்றேன். அவள் என் வெறுங்காலைப் பார்த்தாள்.

"குந்து. கால மடக்கிக்க, கூடை கீது."

மூன்று பேரும் இரண்டு கூடைகளுமாகக் கிளம்பினோம். குழிப்பாந்தண்டலம், பூஞ்சேரி. ஒன்றரை மணிக்கு மாமல்லபுரம். தெருவெல்லாம் உளிச் சத்தம். பாறைச் சிற்பத்தின் எதிரே வெள்ளைக்காரர்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் புகையைக் கண்டு ஓர் அம்மையார் மூக்கைப் பொத்திக்கொண்டு கேமராவைத் தூக்கினார். கடற்கரைக் கோயிலின் கோபுர நுனி சவுக்குத் தோப்புக்கு மேல் தெரிந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

தேவனேரியில் மீன் ஏலம் விடுகிற சிமெண்ட் தரை ஒன்று உண்டு. ஊரிலேயே மட்டமான இடம் அது. அங்கே வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தச் சொன்னேன். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சற்றுப் பொறுத்துக் கோலை எடுத்தேன். துடைத்து, விட்டு, எடுத்து நீட்டினேன். மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை ஆயில் நின்றது.

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். எல்லம்மா கோலை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்தாள்.

"இது இன்னா வித்த? காலைல கீழ இருந்துச்சே. மீதிய நீ ஊத்துனியா?"

"என் பையில் வேட்டிதான் இருக்கிறது. பாருங்கள்."

"அவன் வேட்டிய எதுக்குப் பாக்கணும்? கோல நாளைக்கும் பாத்துட்டா தெரிஞ்சிடும்," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அப்படியே முடிவாயிற்று. கன்னியப்பன் வழக்கமான இடத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. கட்டுமரத்தை அலை தொடாத மேட்டில் மூக்கை ஏற்றி வைப்பது இவர்கள் பழக்கம். வண்டியையும் அப்படியேதான் வைத்தார்கள். மணலில் நடு ஸ்டாண்ட் புதைந்துவிடும் என்பதால் பக்க ஸ்டாண்டின் கீழே ஓர் உடைந்த மரத்துண்டு. முன் சக்கரம் மேட்டில், உடம்பு இடது பக்கம் சாய்ந்து. கோல் இருப்பதோ வலது பக்கம். ஆயில் கோலை விட்டு எட்டப் போய்விடும். தவிர, இந்த வகை வண்டியில் நின்றிருக்கும் நேரத்தில் கோல் தோயும் தொட்டியின் ஆயில் மெல்ல இஞ்சினின் அடிக்குள் இறங்கும். ஓடினால்தான் பம்பு அதைத் திரும்பத் தொட்டிக்கு ஏற்றும்.

எங்கள் ஊத்தங்கரைப் பக்கம் கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீர் பார்ப்பார்கள். விடியற்காலையில், இறைப்பதற்கு முன்னால் பார்ப்பதுதான் சரியான கணக்கு. இந்த இஞ்சினுக்கு நேர் எதிர். இதைச் சொன்னபோது எல்லம்மா, "கெணத்துல இன்னா மீனு கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டாள். என் ஏழு மாதப் பட்டறைக் கதையைக் கேட்டபடி குழம்பும் சோறும் போட்டாள். சங்கரா மீன். வலைக் கொட்டகையில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஐந்தரை மணி. கிழக்கு வெளுத்திருந்தது. முதல் கட்டுமரம் இன்னும் அலைக்கு வெளியேதான். எல்லம்மா ஒரு கையில் ஆழாக்கும் மறு கையில் ஆயில் டப்பாவுமாக மேட்டுக்கு வந்தாள். வழக்கம்போலக் கோலைத் துடைத்து விட்டு எடுத்தாள். கீழ்க் கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் ஈரம்.

"பாரு. எறங்கிப் போச்சு."

"கன்னியப்பன்தான் ராத்திரி குடிச்சிருப்பான்," என்றார் நேற்றைய ஆள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

எல்லம்மா சிரிக்கவில்லை. டப்பாவின் மூடியைத் திருகத் தொடங்கியவள் நிறுத்தினாள். மணலில் சக்கரத் தடத்தைப் பார்த்தாள். நேற்று வந்து நின்ற தடம் ஒன்றுதான்.

"டேய், ராத்திரி வண்டிய எடுத்தியா?"

"சாவி உன் முந்தானைலதானே கீது?"

"அப்போ ஓடாத வண்டி எப்பிடிடா ஆயில் குடிக்கும்?"

கிளப்பாமலே தள்ளிக்கொண்டுபோய்ச் சிமெண்ட் தரையில் நிறுத்தினோம். உதைத்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டோம். இம்முறை கோலை அவளே எடுத்தாள். மேல் கோட்டுக்கு மேலே அதே ஒரு விரல்கடை. ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

அடி நட்டைத் தளர்த்தி அதிகப்படியை இறக்கினேன். இரண்டு ஆழாக்குக்கு மேல் வந்தது. கோட்டுக்குச் சரியாக நின்றதும் மூடினேன். பிளக்கை இன்னொரு முறை சுத்தம் செய்தேன். வடிந்ததை அவள் துணியில் வடிகட்டி எடுத்து வைத்துக்கொண்டாள். கன்னியப்பன் தரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். புகை இருந்தது, ஆனால் மரம் ஏறுகிற புகை இல்லை.

"அந்த மெக்கானிக்க இன்னிக்கு மார்க்கெட்ல பாத்தேன்னா..." என்று தொடங்கியவள் முடிக்காமல் மீன் எடுக்கப் போனாள்.

ஏழு மணிக்கு ஐஸ் லாரி வந்தது. சாலையிலிருந்து இறங்கும் சரிவில் பின்னோக்கி வந்து நின்றது. ரங்கநாதன் கையில் குடையோடு இறங்கினார். கன்னியப்பன் அப்போது இரண்டாவது கூடையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா எல்லம்மா, எனுக்குக் குடுக்கிற வண்டில கூடை ஏத்துற?"

"குடுக்கல. வண்டி நல்லா கீது. செங்கல்பட்டுக்குப் போவுது."

"நேத்து வரைக்கும் ஆயில் குடிச்சுதே?"

அவள் மோவாயால் என்னைக் காட்டினாள். "உன் பேரத்தக் கெடுத்தவரு அங்க நிக்கிறாரு. அவரையே கேளு."

அவர் கோபப்படவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என் லாரியும்தான் ஆயில் குடிக்குது. கிளீனரு நின்னு ஒரு வாரம் ஆச்சு. சாப்பாடு போட்டு ஒரு நாளைக்கு நாலு ரூபா. வரியா?" என்றார்.

வருகிறேன் என்றேன்.

எல்லம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "நல்லா கீதுபா நியாயம். என் வண்டியப் பாத்துக் குடுத்துட்டு எங்க வயித்துல அடிக்கிற லாரிக்கே போறியா?"

"இன்றைக்கு அவரிடம்தான் வேலை இருக்கிறது, அம்மா."

"போ, போ. அங்கனயும் ஏழு மாசம்தானே," என்றாள். கன்னியப்பன் கிளப்பினான். திருக்கழுக்குன்றம் இன்னும் பதினேழு பதினெட்டுக் கிலோமீட்டர். சாலைத் திருப்பம் வரை புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாரி டிரைவர் பானட்டைத் தூக்கிக் கோலை என்னிடம் நீட்டினார். பின் சக்கரங்கள் மணலில், முன் சக்கரங்கள் மேட்டில். நான் கோலை வாங்கவில்லை. முதலில் வண்டியைச் சாலையில் மட்டமான இடத்துக்கு ஏற்றுங்கள் என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். கைகாட்டியபடி நான் முன்னால் நடந்தேன்.