எல்லாம்னா எதுண்ணே?

மருத்துவமனையின் சலவைப் பிரிவு தரைக்குக் கீழே இருக்கிறது. சன்னல்கள் கூரையை ஒட்டி இருப்பதால் வெளியே நடப்பவர்களின் செருப்புகள் மட்டுமே தெரியும். ஈரமாக இருந்தால் மழை, தூசியாக இருந்தால் வெயில். மற்றதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல எங்களிடம் ஒருவர் இருந்தார்.

உருளை இஸ்திரி மெஷினில் பத்தொன்பது வருடமாக நிற்பவர். முதுகுக்குப் பின்னால் 'வானிலை', முகத்துக்கு நேரே 'அண்ணே'. காலையில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே அன்றைய அறிக்கை தொடங்கிவிடும். "இன்னிக்கு பாய்லர் படுத்துக்கும் பாரு." "அந்த ஃபேன் எவன் தலையில விழப்போகுதோ." கடைசியில் எப்போதும் ஒரே முத்தாய்ப்பு: "எல்லாம் நாசமாப் போச்சு. இந்த எடம் உருப்படாது."

மேலே போகும் துணிக்கட்டுகளை எண்ணி எழுதுவது என் வேலை. கதவோரம் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லோர் பேச்சும் கேட்கும், அவன் பேச வேண்டிய அவசியம் இருக்காது. எங்களோடு வேலை பார்க்கும் அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படிப் பார்த்ததும் கேட்டதும்தான்.

அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றே கூப்பிடுவார்கள். அழுக்குத்துணி பிரிக்கும் இடத்தில் சேர்ந்தவர். இரண்டு பெண்கள், பள்ளி வேன் ஓட்டும் கணவர். நோயாளிகளின் சட்டைப்பையில் அவர் கண்டெடுக்காத பொருளே இல்லை. ஒருமுறை ஒரு பல்செட் கிடைத்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா அதைக் கழுவி, ஒரு துண்டில் சுற்றி, வார்டு வார்டாக ஏறி இறங்கி, உரிய வாயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

போன வருடம் மருத்துவமனையில் இன்னொரு ஆபரேஷன் தியேட்டர் திறந்தார்கள். அதற்கான துணிக்கட்டுகள் வெளியிலிருந்து ஒரு கம்பெனி மூலம் வந்துகொண்டிருந்தன. நிர்வாகி அந்த வேலையை எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார். அதுவரை வீடுகளில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த நான்கு பெண்களை மடிப்பதற்காகப் புதிதாகச் சேர்த்தார். அக்காவைப் பொறுப்பாளராகப் போட்டார். நிபந்தனை ஒன்றுதான்: மாதத்தில் மூன்று முறைக்கு மேல் கட்டு திரும்பி வந்தால் வேலை மறுபடி வெளியே போய்விடும், அந்த நான்கு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பொறுப்பாளர் பதவியை வானிலையும் கேட்டிருந்தார். கிடைக்கவில்லை. "ஒரு மாசமா? பத்து நாள் தாங்கட்டும், என் பேரை மாத்திக்கிறேன்" என்றார். எந்தப் பெயரை என்று யாரும் கேட்கவில்லை.

தியேட்டர் கட்டு மடிப்பது லேசான காரியம் இல்லை. ஆபரேஷனுக்கான துணிகளைப் பெரிய பச்சைத் துணியில் கட்டி, கடைசி மடிப்பில் ஒரு முனையை மட்டும் இரண்டு விரல் அளவுக்கு வெளியே நீட்டிவிட வேண்டும். அதற்குக் காது என்று பெயர். மேலே கொண்டுபோய்க் கிருமி நீக்கிய பிறகு நர்ஸ் அந்தக் காதைக் கிள்ளி இழுத்தால் துணி தானாக விரியும், உள்ளே கை படாது. காது உள்ளே போய்விட்டால் கையை விட்டுத் தேட வேண்டும். கை பட்டால் அந்தக் கட்டு முழுக்க வீண். அக்கா தேநீர் நேரத்தில் மேலே போய், கட்டை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தலைமை நர்ஸிடம் கேட்டுப் பார்த்துவிட்டு வந்து, மடிப்பு மேஜைமேல் பெயின்ட்டால் கோடுகள் போட்டார். துணியின் ஓரத்தைக் கோட்டில் வைத்து மடித்தால் போதும், காது சரியாக வெளியே நிற்கும்.

ஆறாவது நாள் ஒரு கட்டு திரும்பி வந்தது. காது உள்ளே.

"நான் அப்பவே சொன்னேன்ல?" வானிலையின் முகத்தில் அன்றுதான் உண்மையான வெளிச்சத்தைப் பார்த்தேன். "துடைப்பத்தைப் பிடிச்ச கையில ஆபரேஷன் துணியைக் குடுத்தா இப்படித்தான்."

புதிய பெண்களில் சின்னவள் ஒரு மூலைக்குப் போய் அழுதாள். மறுவாரம் இன்னொன்று திரும்பியது. நான்கு பேரும் சேர்ந்து அக்காவிடம் வந்தார்கள்.

"அக்கா, அவரை இங்கேருந்து மாத்துங்க. காலங்காத்தால அவர் வாயைக் கேட்டா கை நடுங்குது. எந்தக் கோடுன்னே தெரியல."

நிர்வாகிக்கும் அதேதான் எண்ணம். ஒரு கடிதத்தையே டைப் செய்து கீழே எடுத்து வந்திருந்தார். "ஒரு கையெழுத்துப் போடும்மா. நாளைக்கே அவரை அழுக்குத்துணிப் பக்கம் தள்ளிடறேன்."

அக்கா படித்துப் பார்த்தார். "பத்தொன்பது வருஷம் சார். பச்சைத் துணியைச் சுருக்கம் இல்லாம எடுக்க அவரைத் தவிர வேற ஆள் இருக்கா?"

"இல்ல. அதுக்காக?"

"அதுக்காகத்தான். எனக்கு ஒரு வாரம் குடுங்க." அக்கா கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் அவர் முதலில் செய்தது, மடிப்புப் பெண்களின் முதல் ஒரு மணி நேரத்தைப் பக்கத்து அறைக்கு மாற்றியது. அங்கே துணிகளை எண்ணிப் பிரிக்கும் வேலை. அறிக்கை வாசிக்கும் நேரத்தில் வானிலைக்கு எதிரே ஆளே இல்லை. நான் இருந்தேன், ஆனால் என்னை அவர் ஒரு ஆளாகச் சேர்த்ததில்லை.

அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "என்னம்மா, என்னை ஒதுக்குறியா?"

வேறு யாராவது இருந்தால் மழுப்பியிருப்பார்கள். அக்கா நேராகப் பார்த்தார். "ஆமாண்ணே. காலையில ஒரு மணி நேரம் மட்டும். அதுங்க கை நடுங்குது. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல, ஆனா அதுங்க வேலை எனக்கு முக்கியம்."

அவர் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். பதிலுக்குப் பதில் கொடுக்கும் ஆட்களைத்தான் அவருக்குப் பழக்கம்.

அப்புறம் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகையை மாட்டி, ஒரு சாக்பீஸையும் நூலில் கட்டித் தொங்கவிட்டார். "அண்ணே, நீங்க சொல்றது ஒண்ணும் என் மண்டையில நிக்க மாட்டேங்குது. இதுல எழுதிடுங்க."

வானிலை ஏளனமாகச் சிரித்துக்கொண்டே போய், பலகை கொள்ளாமல் பெரிதாக எழுதினார்: எல்லாம்.

அக்கா அதைப் பார்த்தார். "எல்லாம்னா எதுண்ணே?"

"எல்லாந்தான்."

"அதை எப்படிண்ணே நான் சரி பண்றது? எந்த மெஷின், எந்தத் துணி, என்ன கோளாறு. ஒண்ணு எழுதுங்க." முந்தானையால் பலகையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பலகையில் 'ஃபேன்' என்று இருந்தது. மாலைக்குள் எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார். அதற்கடுத்த நாள் 'பின்கதவு தாழ்ப்பாள்'. அதுவும் சரியானது. வானிலை குழம்பிப் போனார். நடுவில் ஒருநாள் பழைய பாட்டையே மறுபடி ஆரம்பித்து, "இந்தக் கும்பலை வெச்சுகிட்டு மாசத்தைத் தாண்டுவியா நீ?" என்று மடிப்பு மேஜைக்கே வந்து நின்றபோது அக்கா கத்திவிட்டார். "என் தலை ஒரு நாளைக்கு ஒரு மூட்டைதான் தாங்கும்ணே! மீதியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க!" அவர் சாந்த சொரூபி இல்லை என்பதை நான் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது வாரக் கடைசியில், ஒரு காலை, பலகையில் சிறிய எழுத்தில் இருந்தது: பெரிய உருளை. இடது பக்கம் தேய்மானம். பச்சைத் துணியை இழுக்குது.

மடிப்புப் பெண்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். "தன் மெஷினையே விடல பாரு மனுஷன்."

அக்கா சிரிக்கவில்லை. இஸ்திரியிலிருந்து வந்த ஒரு பச்சைத் துணியை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மேஜையில் விரித்தார். ஒரு பக்கம் இரண்டு விரல் நீளம் அதிகமாக இருந்தது. காதுக்கு விட வேண்டிய அதே இரண்டு விரல். கோணல் துணியை நேர்க்கோட்டில் வைத்து அத்தனை பேரும் அச்சுப் பிசகாமல் மடித்திருக்கிறார்கள். காது உள்ளே போகாமல் என்ன செய்யும்?

சின்னவள் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்போ நாங்க தப்பா மடிக்கலையாக்கா?"

"இல்லடி. நான் போட்ட கோடுதான் உங்களை ஏமாத்திருக்கு." அக்கா வானிலையிடம் போனார். "இதை எப்போலேருந்து பாக்குறீங்க?"

"ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கேன்."

"சொன்னீங்க. இதோட சேர்த்து இன்னும் நாப்பது சொன்னீங்க. எது இதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. என் தப்புந்தான்."

வானிலை பெரிய உருளையின் சுவிட்சை அணைத்தார்.

அன்று காலை நாற்பது கட்டுகள் மேலே போயிருந்தன. நான்தான் எண்ணி எழுதியிருந்தேன். அவற்றில் எத்தனையில் காது உள்ளே என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். பேசாமல் இருந்திருக்கலாம் என்றுதான் நான் நினைத்தேன். அக்கா என் நோட்டை வாங்கிக்கொண்டு, "தம்பி, வண்டியைத் தள்ளிட்டு வா" என்று மேலே கிளம்பினார்.

தலைமை நர்ஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நானா ஒண்ணும் திருப்பி அனுப்பலையே?"

"நீங்க அனுப்புறதுக்குள்ள நானே எடுத்துட்டுப் போறேன் சிஸ்டர். துணி கோணல். நாப்பதும் வேணும்."

"இதைத் திரும்பினதா எழுதணுமேம்மா. மூணாவது."

"எழுதுங்க."

அவர் எழுதினார். இன்னும் எட்டு நாள் பாக்கி. இனி ஒன்று திரும்பினாலும் கதை முடிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் வழியில் அக்கா நிர்வாகியின் அறைக்குள் நுழைந்தார். அந்தக் கடிதத்தைக் கையெழுத்து இல்லாமல் மேஜையில் வைத்து, "பெரிய உருளை மேல சுத்தியிருக்கிற உறை தேஞ்சிடுச்சு, புதுசு வேணும் சார்" என்று மட்டும் சொன்னார். வர இருபது நாள் ஆகும் என்றார் நிர்வாகி.

அந்த எட்டு நாளும் பச்சைத் துணி முழுக்க, துண்டுகளுக்கென்று மூலையில் இருந்த சின்ன உருளையில்தான் போனது. ஒரு நேரத்தில் ஒரு துணி. வானிலை ஒவ்வொன்றையும் எடுத்து ஓரம் பார்த்து, பிறகுதான் மேஜைக்கு அனுப்பினார். முணுமுணுப்பு நின்றுவிடவில்லை. கால் வலி, சாக்பீஸ் தரம், சின்ன உருளையின் சூடு என்று பலகை நிறைந்துதான் இருந்தது. ஆனால் பெண்கள் இப்போது அதைப் படித்துவிட்டு அவரிடமே போய்க் கேட்டார்கள்: "அண்ணே, இந்தத் துணி ஓகேவா?" "ஓகேவா? கண்ணு எங்க இருக்கு உனக்கு? ... சரி, ஓகேதான்."

கடைசி நாள் மதியம் தலைமை நர்ஸ் தானே கீழே இறங்கி வந்தார். மேஜைமேல் இருந்த ஒரு கட்டின் காதைப் பிடித்துக் கிள்ளி இழுத்தார். பச்சைத் துணி சத்தமில்லாமல் நாலு பக்கமும் விரிந்தது.

"நாலு பேரையும் நிரந்தரமாப் போடச் சொல்லிட்டேன்" என்றார். "நாளையிலேருந்து தினம் எண்பது கட்டு வேணும்."

சின்னவள் பக்கத்திலிருந்தவளின் தோளைக் கட்டிக்கொண்டாள். அக்கா துணிக்கூடையின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மெஷின் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எண்பதா? இந்தச் சின்ன உருளையை வெச்சுகிட்டா? நடக்கவே நடக்காது."

பெண்கள் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கூடையிலிருந்து எழாமலே தலையை மட்டும் திருப்பினார்.

"எத்தனை நடக்கும்ணே?"

வானிலை விரல்களை மடக்கினார், நீட்டினார், மெஷினை ஒருமுறை பார்த்தார். "அறுபத்தி நாலு. உறை வர்ற வரைக்கும்."

"அறுபத்தி நாலு தர்றோம் சிஸ்டர்" என்றார் அக்கா.