மக்காத துண்டு

பாடக்குறிப்பு எழுதுவதென்றால் பிரபா டீச்சருக்குக் கோயில் காரியம் மாதிரி. பள்ளிபாளையத்துப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி, நாலாம் வகுப்பு. மக்கும் குப்பை, மக்காத குப்பை பற்றி வாயால் சொன்னால் பிள்ளைகள் மண்டையில் ஏறாதென்று, மழைக்கு முன்பே வேலியோரம் குழி வெட்டி வாழையிலை, காகிதம், பால் கவர், துணி எல்லாம் புதைக்க வைத்தார். துணி கொண்டுவந்தது கிருத்திகா. அவள் அப்பா ஜெயபிரகாஷ் விசைத்தறியில் ஓட்டும் துண்டில் ஒன்று அது. “அசல் காட்டனுங்க டீச்சர்” என்று பீற்றிக்கொண்டுதான் கொடுத்தாள். டீச்சரும் ‘மக்கும்’ பக்கத்தில் துணியை எழுதிவிட்டார்.

மழை ஓய்ந்ததும் தோண்டினார்கள். இலை மண்ணோடு மண். காகிதம் கூழ். பால் கவர் அப்படியே கிடந்தது. துண்டும் அப்படியேதான், உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகலாம்.

“டேய், இவுங்கப்பா டூப்ளிகேட் துண்டு ஓட்டறாருடா!” என்றான் மோகன்குமார். வகுப்பே சிரித்தது.

மறுநாள் கிருத்திகா வரவில்லை. அதற்கு மறுநாளும் காணோம்.

பாடம் முடிந்தால் குறிப்பின் அடியில் ‘மாணவர்கள் ஆர்வமுடன் கற்றனர்’ என்று எழுதுவது வாத்தியார்களின் கைப்பழக்கம். டீச்சரும் எழுதியிருந்தார். அந்தப் பிள்ளையின் இடம் காலியாய்க் கிடப்பதைப் பார்த்து அதை அடித்தார். துணியெல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தது யார்? காதைப் பிளக்கும் தறிச் சத்தத்துக்கு நடுவே பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டு, என்ன நூல் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே!

சாயங்காலம் நேரே தறிப்பட்டறைக்குப் போனார். ஜெயபிரகாஷ் தறியை நிறுத்தினார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினார்.

“எம்புள்ள இனி வராதுங்க. என்னயத் திருடன்னு சிரிக்கறதுக்கா பள்ளிக்கூடம்?”

“தப்பு எம்மேலதானுங்க. என்ன நூலுன்னு கேக்காமயே பாடத்த எழுதிப்போட்டேன்.”

டீச்சர் இப்படி இறங்கி வருவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தலையைச் சொறிந்தார்.

“பாதிக்கு மேல பாலியஸ்டருங்க. கடையில காட்டன்னு விக்கறாங்க, ஊட்லயும் அப்படியே சொல்லிப் பழகிட்டோம். புள்ளைக்கு என்ன தெரியும்? மொதலாளி குடுக்கற நூலத்தான நான் ஓட்ட முடியும்?”

“அதயேதான் பாடமா வெக்கப்போறேனுங்க. இங்க ஓடற நூலுல ஒவ்வொண்ணுலயும் துளி குடுத்தனுப்புங்க. கிருத்திகாதான் கொண்டாந்து பொதைக்கோணும்.”

“பொதைக்கறதோட எங்க மொதலாளியையும் சேத்துப் பொதச்சுருங்க!” சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். கதவோரம் நின்ற கிருத்திகாவுக்கும் சிரிப்பு வந்தது.

“நாளைக்கு வந்துரு சாமி” என்றார் டீச்சர்.

வந்தாள், பை நிறைய நூலோடு. இந்தத் தடவை டீச்சர் முன்கூட்டி எதையும் எழுதவில்லை. எது மக்கும், எது மக்காது என்று பிள்ளைகளையே கரும்பலகையில் எழுதச் சொன்னார். மோகன்குமார் மெல்ல கிருத்திகா பக்கம் நகர்ந்தான்.

“எது மக்கும்னு எனக்கு மட்டும் சொல்லு புள்ள.”

“எனக்கே தெரியாது. குழி வெட்டோணும், போயி மம்முட்டி எடுத்துட்டு வா, போ.”

ஓடினான்.