ஏழு முறை திருத்திய பக்கம்

நாற்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவளுக்குக் குருவி என்றுதான் பெயர். சின்ன வயதில் ஓரிடத்தில் உட்காரமாட்டாள் என்று அண்ணன் வைத்த பெயர் அது. அந்த அண்ணன் பின்னாளில் ஒரு தையல் டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். வந்த நாள் முதல் அண்ணியும் நாத்தனாரும் நகமும் சதையுமாக ஒட்டிக்கொண்டார்கள். தனக்குப் பெண்டாட்டி கிடைத்தாளோ இல்லையோ, தங்கைக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டாள் என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அண்ணி தன் வீட்டு முன்னறையில் நான்கு தையல் மெஷின்களை வைத்து வகுப்பு நடத்தினாள். கை வேலையில் கெட்டிக்காரி. அளவு நாடாவைக்கூட எடுக்காமல், ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துணியை வெட்டுவாள்; தைத்துப் போட்டால் கச்சிதமாக உட்காரும். ஆனால் அதை வாயால் விளக்கச் சொன்னால் தீர்ந்தது. "இப்படிப் பிடிச்சு, இப்படி மடிச்சு, இப்படி ஒரு தையல். அவ்வளவுதான்" என்பாள். அந்த மூன்று 'இப்படி'களுக்குள் என்ன இருக்கிறது என்று புரியாமல் பெண்கள் விழிப்பார்கள்.

குருவி அப்போது ஓர் அச்சகத்தில் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நேரில் வர முடியாத பெண்களுக்கு வலைத்தளம் வழியாகச் சொல்லிக்கொடுக்கலாமே என்று அவள்தான் முதலில் ஆரம்பித்தாள். தளம் கட்டுவது எப்படி என்று தட்டித் தடுமாறித் தானே கற்றுக்கொண்டாள். அண்ணி தைப்பாள், குருவி அந்தக் கைகளைப் படம் எடுப்பாள். பிறகு உட்கார்ந்து அந்த 'இப்படி'களை ஒவ்வொன்றாகச் சொற்களாக்குவாள். ஒரு கழுத்து வெட்டுப் பாடத்தை எழுத மூன்று நாள் பிடித்ததுண்டு. ஒன்பது வருடத்தில் அப்படி இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள். பிள்ளை இல்லாத குருவிக்கு அந்தத் தளம்தான் பிள்ளை. 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் இரண்டு பேரும் தோளோடு தோள் உரச நிற்கும் படம். அதன் கீழே, 'தைப்பது அண்ணி, எழுதுவது நாத்தனார்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும், குருவிக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்தப் புதன்கிழமை அண்ணி, தளத்துக்கு ஒரு நகல் எடுத்து வைக்கச் சொன்னாள். நிறத்தையெல்லாம் மாற்றிப் பார்க்கலாம், நாலு பேரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம் என்றாள். குருவிக்கு அதில் தவறாக ஒன்றும் தோன்றவில்லை. வழக்கமாக நடப்பதுதான். விலை உயர்ந்த துணியில் நேராகக் கத்தரிக்கோலை வைக்காமல், பழைய துணியில் ஒன்றைத் தைத்துப் பார்ப்பதில்லையா? சோதனைத் தளமும் அதுதான். வெளியார் கண்ணுக்குத் தெரியாத ஒரு மறைவிடத்தில், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, அச்சு அசலாக இன்னொரு தளம். அங்கே என்ன கிழிந்தாலும் நிஜத் தளத்துக்கு ஒரு கீறல் விழாது.

மறுநாள் காலை அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாள். கோப்புகளை எல்லாம் நகலெடுத்தாள். பாடங்களும் மாணவிகள் விவரமும் அடங்கிய கிடங்கை அப்படியே மறைவிடத்துக்கு மாற்றினாள். முதல் காரியமாக அங்கிருந்து மின்கடிதம் எதுவும் வெளியே போகாதபடி அடைத்தாள். அந்தப் பாடத்தை அவள் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் அடைக்க மறந்து, நகல் தளம் தன்னை நிஜம் என்றே நம்பி நானூறு பெண்களுக்கு 'நாளை வகுப்பு' என்று கடிதம் அனுப்பிவிட்டது. விடிந்ததும் பதினோரு பேர் கத்தரிக்கோலும் கையுமாக வாசலில் நின்றார்கள். "வந்ததுதான் வந்தாங்க, ஆளுக்கு ஒரு தலையணை உறையாவது தைச்சுட்டுப் போகட்டும்" என்று அண்ணி அவர்களை உள்ளே உட்கார வைத்துவிட்டாள். அதைச் சொல்லி இருவரும் வருடக்கணக்காகச் சிரித்திருக்கிறார்கள்.

கடைசி வேலை எண்ணிப் பார்ப்பது. நிஜத் தளத்தில் வெளியே தெரிவது இருநூற்றுப் பதினான்கு பக்கம்; நகலிலும் அத்தனைதான் இருக்க வேண்டும். குருவி பட்டியலைத் திறந்தாள். இருநூற்றுப் பதினைந்து.

எங்கோ ஒரு பாடம் இரண்டு முறை ஏறியிருக்கும் என்று நினைத்துத் தேடினாள். இல்லை. பட்டியலின் உச்சியில், அவள் எழுதாத ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தது. இன்னும் வெளியாகவில்லை, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தானாக வெளியாகும்படி நேரம் குறித்திருந்தார்கள். தலைப்பு, 'என்னைப் பற்றி.'

திறந்தாள். அண்ணி மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதே பழைய படம்தான். பாதியில் வெட்டியிருந்தார்கள். அண்ணியின் இடது தோளில் மட்டும் யாருடையதோ போல நான்கு விரல்கள் மிச்சமிருந்தன. கீழே, ஒரு பெரிய துணிக் கம்பெனியோடு தளம் இணைகிறது என்றும், இருநூற்றுப் பதினான்கு பக்கங்களையும் தானே உருவாக்கியதாகவும், 'தொழில்நுட்ப உதவி செய்த உறவினர் சொந்தக் காரணங்களால் விலகிக்கொண்டார்' என்றும் எழுதியிருந்தது.

உறவினர். தண்ணீர் குடிக்க எழுந்தவள் எதற்காக எழுந்தோம் என்பதையே மறந்து மறுபடி உட்கார்ந்தாள்.

எந்தப் பக்கத்தைத் திருத்தினாலும், பழைய வடிவம் தேதியோடு உள்ளே தங்கிவிடும். இந்தப் பக்கத்துக்கு ஏழு திருத்தங்கள் இருந்தன. எல்லாம் அண்ணியின் பெயரில். பழைய 'எங்களைப் பற்றி'யின் பிரதியில்தான் தொடங்கியிருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் முதல் திருத்தத்தில் 'நாங்கள்' 'நான்' ஆகியிருந்தது. இரண்டாவதில் படம் வெட்டப்பட்டிருந்தது. மூன்றாவதில் முழுப் படம் திரும்ப வந்திருந்தது. நான்காவதில் மறுபடி வெட்டு. ஐந்தாவதில் 'என் அன்பு நாத்தனாருக்கு நன்றி.' ஆறாவதில் 'அன்பு' போயிருந்தது. ஏழாவதில் நாத்தனாரும் போய், உறவினர் வந்திருந்தார்.

ஒரே அடியாக வெட்டியிருந்தால்கூட ஆறியிருக்குமோ என்னவோ. நிதானமாக யோசித்து யோசித்து அல்லவா வெட்டியிருக்கிறாள்! பக்கத்தை எழுதி வைத்து நேரம் குறிக்கும் வித்தையை அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தவளும் குருவிதான்.

கணினியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். மதிய வகுப்பு முடிந்து பெண்கள் போயிருந்தார்கள். அண்ணி தரையில் கிடந்த நூல் பிசிறுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். குருவி வெட்டு மேஜையின் மேல் கணினியைத் திறந்து வைத்தாள்.

அண்ணி பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அது நழுவி விழுந்தது, எடுக்கவில்லை.

"நகல்னா வெளியில தெரியறது மட்டும்தான் வரும்னு நினைச்சேன்" என்றாள்.

"இல்ல அண்ணி. உள்ள இருக்கறதும் வரும்."

அதன் பிறகு அண்ணி நிறையச் சொன்னாள். கம்பெனிக்காரர்களுக்கு ஒரே ஒரு முகம் போதுமாம். இரண்டு பேர் என்றால் யாரிடம் பேசுவது என்று குழப்பமாம். அந்த நகலும் அவர்களிடம் ஒப்படைப்பதற்குத்தானாம். நேரில் சொன்னால் குருவி தாங்கமாட்டாள் என்று நல்ல வேளை பார்த்துக்கொண்டிருந்தாளாம். குருவி அந்த ஏழு திருத்தங்களின் பட்டியலைத் திறந்தாள்.

"மூணாவது தடவை என் படத்தைத் திரும்ப வச்சிருக்கீங்க. அன்னைக்கு என்ன நினைச்சீங்க?"

அண்ணி மேஜையில் கிடந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள்.

"நாலாவது தடவை?"

அண்ணியின் கண் குருவியைத் தாண்டி உள்ளே போயிற்று. அப்போதுதான் குருவி திரும்பிப் பார்த்தாள். உள் அறை நிலைப்படியில் அண்ணன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. உனக்கும் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்ற விதமே சொல்லிவிட்டது. தன்னைத் தூக்கி வளர்த்த அண்ணன்! அந்த நொடியில் அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

"திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு அண்ணி? நிஜத் தளத்தைத் திறந்து வச்சிருக்கேன். இப்பவே வெளியிடுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"என்ன பேச்சு இது? உட்காரு, காபி போடறேன்."

"மறைச்சு ஏழு தடவை செஞ்சீங்கல்ல. ஒரு தடவை என் முகத்தைப் பாத்துச் செய்யுங்க. முடியலைன்னா அந்தப் பக்கத்தை அழிச்சிடுங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அண்ணி அழுதாள். அந்த அழுகை பொய் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். பிறகு கை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். குருவியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஒன்பது வருடம் ஒரே தட்டலில் போயிற்று.

குருவி பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி அண்ணியின் முன் வைத்தாள். சோதனைத் தளத்தில் மாணவிகளின் நிஜ விவரங்கள் இருந்தன. தங்களை நம்பிக் கொடுத்தவை அவை என்று, அங்கேயே நின்று கம்பெனிக்காரர்கள் கண்ணில் படாதபடி அவற்றை அழித்தாள். வெளியே வந்து தெருவில் நடக்கும்போதுதான் அழுகை வந்தது.

ஒன்றை எல்லோரும் மறந்திருந்தார்கள். தளத்துக்கு மாணவிகள் எழுதும் கடிதங்கள் குருவியின் மின்னஞ்சல் பெட்டிக்குத்தான் வந்துகொண்டிருந்தன. மறுநாளே வரத் தொடங்கின. 'இன்னொரு அக்கா எங்கே?' 'உடம்பு சரியில்லையா?' குருவி ஒவ்வொன்றுக்கும் அண்ணியின் பெயரில் பதில் எழுதினாள். 'அவர் நலமாக இருக்கிறார். சொந்தக் காரணங்களால் விலகிக்கொண்டார்.' தன்னைப் பற்றித் தானே யாரோ போல எழுதும்போது முதலில் ஒவ்வொரு சொல்லையும் அழித்து அழித்து அடிக்க வேண்டியிருந்தது. நான்காவது கடிதத்தை ஒரே மூச்சில் அடித்துவிட்டாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஞாயிறு காலை ஒரு கடிதம். பார்வை மங்கலான ஒரு பெண், படங்களைப் பார்க்க முடியாததால் பாடங்களை மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டே மூன்று சட்டைகள் தைத்தவள், அந்த மகளிடமே சொல்லி எழுதி அனுப்பியிருந்தாள்: 'டீச்சரின் கையை நான் பார்த்ததில்லை. எனக்கு அந்தச் சொற்கள்தான் டீச்சர். அவற்றை எழுதியவர் யார்?'

குருவி வழக்கமான பதிலை அடித்தாள். அண்ணியின் பெயரையும் போட்டாள். அனுப்பாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தன் சொந்தப் பெயரில் ஒரே வரி எழுதினாள்.

'நான் எழுதினேன். நான் விலகவில்லை; என்னை எடுத்துவிட்டார்கள்.'

அனுப்பிவிட்டு, முந்தைய பதில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அதே வரியை அவர்களுக்கும் அனுப்பத் தொடங்கினாள்.