வண்ண டேப் ஒட்டிய பெட்டி

மிடி கண்ட்ரோலர் என்ற அந்தப் பெட்டியைத் தட்டினால் அதிலிருந்து சத்தம் எதுவும் வராது. கம்ப்யூட்டருக்கு ஏவல் சொல்வதுதான் அதன் வேலை. எந்தத் திருகைத் திருப்பினால் என்ன நடக்க வேண்டும் என்று நாம்தான் இணைத்து வைக்க வேண்டும். திரையில் ஒன்றை மௌஸால் தொட்டுவிட்டுப் பெட்டியில் ஒரு திருகைத் திருப்பினால், இரண்டும் சேர்ந்துகொள்ளும். நான் ஐந்தாவது வரை படித்தவன். திரையில் இருக்கும் ஆங்கிலத்தைப் படிக்க வராது. எது எந்த மூலையில் இருக்கும் என்று இடத்தை வைத்துத் தெரிந்துகொள்வேன். மைக் செட் தொழிலில் கம்ப்யூட்டர் வந்த பிறகு வேறு வழியில்லாமல் பழகியது.

கொடைக்கானலில் ஒரு அம்மா, பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு நடனப் பாட்டு செய்து கொடுப்பவர். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டிலேயே ஒரு அறையில் லேப்டாப்பும் மைக்கும் வைத்து அவரே பாடி, அவரே தாளம் சேர்ப்பார். அந்தப் பாட்டை விழா மேடையில் ஓடவிடுவது என் செட். புதிதாக வாங்கிய பெட்டியைக் காட்டி, இனிமேல் மௌஸைத் தொடாமல் எல்லா வேலையும் இதிலேயே நடக்க வேண்டும் என்றார். திரையைப் பார்த்தால் கண் கூசுகிறதாம். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லாதவன்.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எட்டுத் திருகுக்கும், விரலால் அழுத்தும் பதினாறு பேடுக்கும் வேலை பிரித்துக் கொடுத்தேன். பிறகு எங்கள் தொழில் வழக்கப்படி வண்ண டேப் ஒட்டினேன். மழையிலும் அவசரத்திலும் நாற்பது வயர் கிடக்கும் இடத்தில் எங்களுக்கு வண்ணம்தான் எழுத்து. பதிவுக்குச் சிவப்பு, ஓடவிடப் பச்சை, நிறுத்த மஞ்சள். வண்ண வண்ணத் துண்டாகத் தைத்த துணிபோல அழகாக இருந்தது. அந்த அம்மா கையால் தடவிப் பார்த்து, ரொம்ப நல்லா இருக்குண்ணே என்றார்.

நான்கு நாளில் போன் வந்தது. பாடி வைத்திருந்த பல்லவியின் மேலேயே மறுபடி பதிவாகிவிட்டதாம். என் ஊரான பூண்டியிலிருந்து வெள்ளனே பஸ் ஏறி, வளைவு வளைவாக இரண்டு மணி நேரம் ஆடிக்கொண்டு போனேன். பெட்டியில் கோளாறு இல்லை. பேடு ரொம்ப இளக்கமாக இருக்கிறதோ என்று இன்னும் அழுத்தினால்தான் வேலை செய்யும்படி மட்டும் மாற்றி வைத்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரமும் அதே போன். இந்த முறை சரணமும் போயிருந்தது. விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மறுபடி அதே பஸ். இடுப்பு வலித்தது. தப்பு அவருடைய கையில்தான் என்று மனதுக்குள் எரிச்சல் வந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருடைய வீட்டுக்காரர் லாட்ஜில் வேலை பார்ப்பவர், வாய் ஓயாதவர். "ஏங்க, மூணு தடவ வந்துட்டீங்க, மூணு வார்த்த பேசுனீங்களா? எங்க வீட்டுச் செவுரு உங்களவிட நல்லா பேசும்" என்று சொல்லிக்கொண்டே தேநீர் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் வழக்கம்போலச் சிரித்து வைத்தேன்.

நான் பார்க்கும்போதே ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்றேன். அந்த அம்மா பெட்டியின் ஓரத்தில் விரலை வைத்து, ஒன்று இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே நகர்த்தினார். டேப் வழவழவென்று இருந்ததால் பேடுக்கு நடுவில் இருக்கும் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படவில்லை. எண்ணிக்கை தவறிச் சிவப்பில் வந்து நின்றது. கண் பெட்டியின் பக்கமே இல்லை.

அவர் விரல் நின்ற பேடை நானும் தொட்டேன்.

"தங்கச்சி, இது என்ன கலருன்னு தெரியுதா?"

அவர் விரலை எடுக்கவில்லை. "கலரு போயி எட்டு மாசமாச்சுண்ணே. வெளிச்சம் மட்டும் கெடக்கு. மதுரை ஆஸ்பத்திரில பாத்தாச்சு, அதுவும் போயிரும்னுட்டாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க எல்லா ஸ்கூலுக்கும் செட் போடுறவரு. ஒரு டீச்சர் காதுல விழுந்தா போதும். கண்ணு தெரியாதவகிட்ட யாரு பாட்டுக் குடுப்பா? இந்தச் சோலிய விட்டா எனக்கு வேற என்ன தெரியும்ணே?"

நான் டேப்பை உரிக்க ஆரம்பித்தேன். குளிருக்குப் பசை இறுகிப் போயிருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். பிறகு என் வழக்கப்படி எதையும் வைக்கவில்லை. எது எங்கே வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல மாற்றினேன். ஓடவிட ஒரு சட்டைப் பொத்தான், நிறுத்த உப்புத்தாள் துண்டு. பதிவு செய்வதை மற்றவற்றோடு வைக்காமல் கடைசி மூலைக்குத் தள்ளி, அதன்மேல் நூல் முடிச்சு ஒன்றை ஒட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பதினைந்து தடவை போய்வந்தார். பிசகவில்லை. பாட்டு நாள் தவறாமல் முடிந்தது.

விழாவன்று மிக்சர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு டீச்சர் வந்தார். பாட்டைப் பாராட்டிவிட்டு, "அவங்களுக்குக் கண்ணு சுத்தமா தெரியலையாமே, உண்மையா? அடுத்த வருஷம் குடுக்கிறதா வேணாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார்.

பொய் சொல்ல எனக்கு வராது. மெய்யைச் சொல்லவும் கூடாது. "பாட்டுல ஏதும் கொற இருந்துச்சுங்களா, டீச்சர்?" என்றேன். இல்லவே இல்லை என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேடைப் பக்கம் போய்விட்டார்.

வயரைச் சுற்றி வண்டியில் ஏற்றினேன். கேட்டால் பேசாமல் நிற்பவன் நான் என்று எல்லாப் பள்ளியிலும் தெரியும். அப்படிப்பட்டவன் அன்றைக்கு வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதே அந்த டீச்சருக்கு ஆமாம் என்ற பதிலாகிவிட்டிருக்குமோ என்று ஊர் வந்து சேரும் வரை நினைத்துக்கொண்டே வந்தேன். அந்த அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அடுத்த வருஷப் பாட்டுக்குப் பள்ளியிலிருந்தும் இதுவரை யாரும் அவரைக் கூப்பிடவில்லை.