விசிலுக்கு வந்த முறாய் பத்து

பெண்பிள்ளை விசிலடித்தால் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்குள் நான் வாயைக் குவித்ததே இல்லை. எல்லாம் தெலுக் பஹாங் காட்டில்தான். எண்பதுகளின் நடுவில் ஞாயிறுதோறும் நானும் அக்காவும் நீல பஸ் பிடித்து அங்கே பறவை பார்க்கப் போவோம். அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் பக்கத்து நாற்காலிக்காரர். வாரத்தில் ஆறு நாள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து மாரடித்த எங்களுக்கு, ஏழாவது நாளும் பைனாகுலரில் கண்ணை வைக்கத்தான் தோன்றியது. என்ன பிறவிகளோ!

இருவருக்கும் ஒரே பைனாகுலர், ஒரே நோட்டு. எந்தப் பறவை, எந்தப் பாதை, ஓடைப் பாலத்திலிருந்து எத்தனை எட்டு என்று எழுதி வைப்போம். நோட்டு ஒரு வாரம் என் வீட்டில், மறுவாரம் அக்கா வீட்டில்.

அந்த வருஷம் பட்டமரப் பொந்து ஒன்றில் முறாய் பத்து என்று மலாயில் சொல்லும் சோலைபாடிக் குருவி ஜோடி கூடு கட்டியிருந்தது. கறுத்த முதுகு, செம்பழுப்பு வயிறு, நீள வால். ஆண் பறவை பாடினால் காடே வாயை மூடிக்கொள்ளும். அதற்கு நான் வாராவாரம் ஒரு விசில் அடிப்பேன், மூன்றே ஒலி. ஒரு நாள் அதையே எனக்குத் திருப்பி அடித்தது. மூன்றாவதை மட்டும் என்னைவிட நீட்டி இழுத்தது. அவ்வளவு திமிர்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவுக்கும் அந்த விசிலைக் கற்றுக்கொடுத்தேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு பிடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு பயம். முறாய் பத்தைக் கூண்டில் போட்டுப் பாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோகும் பைத்தியம் அக்காவின் கணவருக்கு இருந்தது.

"அக்கா, இத மட்டும் நோட்டுல எழுத வேணாம். அண்ணன் கண்ணுல பட்டா போச்சு."

"என்னலா நீ, என்மேல நம்பிக்கை இல்லையா? வேணும்னா கோயில்ல சத்தியம் பண்றேன். வீட்ல மூச்சு விடமாட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் மனம் நோகக் கூடாதென்று நானே எழுதினேன்: பாலம் தாண்டி நாற்பது எட்டு, இடப்பக்கம், பட்டமரம். அந்த வாரம் நோட்டு அவர் முறை.

அடுத்த ஞாயிறு அக்காவுக்குக் கால்வலி என்று தனியாகப் போனேன். உதடு காயும்வரை விசிலடித்தேன். பதிலே இல்லை. பொந்துக்குப் பக்கத்தில் பிசின் தடவிய குச்சி ஒன்று தொங்கியது. அதில் ஒரு செம்பழுப்பு இறகு ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை அக்காவிடம் சொல்லி அழுதேன். "காட்டுக்குள்ள எத்தனை பேரு வர்றாங்க, எந்தப் பாவி பிடிச்சானோ," என்று அவரும் கூடச் சேர்ந்து அழுதார். தன் நாசி லெமாக்கில் பாதியை எனக்குக் கொடுத்தார். நானும் மடச்சி மாதிரி வாங்கித் தின்றேன்.

தீபாவளிக்கு அம்மா சுட்ட முறுக்கை டப்பாவில் எடுத்துக்கொண்டு அக்காவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். முறுக்கைக் கொடுத்து உட்கார்ந்ததும், துணி மூடிய கூண்டுக்குள்ளிருந்து என் விசில் வந்தது. மூன்றாவது ஒலி நீண்டு இழுபட்டது.

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்படி விசிலடிக்கிற முறாய் பினாங்குலயே கிடையாது. உங்கக்காதான் பிடிச்சுக் குடுத்தா. இவ ஒரு விசில் அடிச்சா பாரு, நேரா வந்து குச்சில உக்காந்துருச்சு!"

அக்கா கையில் தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றார். நான் எழுந்து வெளியே வந்தேன். பின்னாலேயே ஓடி வந்தார்.

"கோவிச்சுக்காதலா. ரெண்டு மாசமா அவரு என்கிட்ட முகம் குடுத்தே பேசல. இத குடுத்த பிறகுதான் பேசுனாரு. நான் என்ன பண்ண?"

"வலை போட்டுப் பிடிச்சிருக்கலாமேக்கா. என் விசில ஏன் அடிச்சீங்க? நான் வந்திருக்கேன்னுல்ல அது நெனச்சிருக்கும்?"

நான் திரும்ப உள்ளே போய், கொடுத்த முறுக்கு டப்பாவை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன். தீபாவளிக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். படியிறங்கும்போது மேலேயிருந்து அது மறுபடி கூப்பிட்டது. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாயை இறுக மூடியபடி இறங்கினேன்.